முதல் இயந்திரம் வரும்வரை குழிக்குள் இறங்குவது யார்?

போத்தனூருக்கு ரயில் வந்தது 1862ல். கோவை நகருக்குள் ரயில் நுழைய அதன்பின் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சென்னையிலிருந்து மேற்குக் கரை நோக்கிப் போன பாதையில் இருந்தது போத்தனூர்தான். அந்தப் பெருமையை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்த பிறகு, தண்டவாளத்தில் விழுந்ததையெல்லாம் அள்ளியவர்கள் யார் என்பதை எந்த ரயில்வே வரலாறும் விரிவாகச் சொல்வதில்லை. நமக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்துக் குறிச்சி சிட்கோவில் லேத் ஓட்டுகிறவர்களும் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் காதில் விழுகிறது. சொந்தமாக ஒரு பொருளைச் செய், கம்பெனி ஆரம்பி என்கிறார்கள். அந்த உலகத்தில் ஒரு பாடம் அடிக்கடி சொல்லப்படுகிறது: பொருள் முழுமை அடையும்வரை காத்திருக்காதே, குறையோடு இருந்தாலும் முதல் வடிவத்தைச் சீக்கிரம் வெளியே கொண்டு வா, பயன்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்டுத் திருத்து. செல்போன் செயலிக்கு இது சரி. மலக்குழிக்குள் மனிதர் இறங்குவதை நிறுத்தப் போகும் இயந்திரத்துக்கு இது சரியா? நம் மக்களைப் பொறுத்தவரை ஸ்டார்ட்அப் என்றதும் எழ வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறோம்.

இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயுவில் மயங்கி விழுந்தார்கள். இருவரும் ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் அவர்களைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கினார். மூவரும் இறந்தார்கள். இப்படித்தான் நடக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குவார்கள். அதுவே கடைசிப் படி. மேலே நிற்கிறவர் தம்பியோ மச்சானோ ஆக இருப்பார். அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அவரும் இறங்குவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவதற்குக் காரணம் இதுதான்.

கேரளத்தின் குற்றிப்புரத்தில் பொறியியல் படித்த சில இளைஞர்களைக் கோழிக்கோட்டுச் சம்பவம் உலுக்கியது. கல்லூரியில் அவர்கள் செய்துகொண்டிருந்தது வேறொன்று. மனிதர் உடம்பில் மாட்டிக்கொண்டால் பலம் கூட்டும் எந்திரக் கவசம். சினிமா பார்த்து வந்த ஆசை. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள், பிறகு அதை விட்டுவிட்டு வந்தார்கள். கேரள அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் கைகொடுத்தது, மாநிலக் குடிநீர் ஆணையம் சோதிக்க இடம் கொடுத்தது. விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் ஆகிய நால்வர் முன்நின்று தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயந்திரம் 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. அதன் பெயர் பாண்டிகூட், அதாவது பெருச்சாளி. மூன்று பேர் இறந்து இரண்டேகால் ஆண்டுக்குள் முதல் வடிவம் தெருவுக்கு வந்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிது. இயந்திரத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று குழியின் வாயருகே மேலேயே நிற்கும். மற்றது கால்களை மடக்கிக் கொண்டு குழிக்குள் இறங்கி, உள்ளே போனதும் கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். கையால் கசடையும் கல்லையும் துணியையும் வாரி வாளியில் போடும். இருட்டிலும் தெரியும் கேமரா உண்டு. குழிக்குள் இறங்க வேண்டியவர் வெளியே திரைக்கு முன்னால் நின்று பித்தானை அழுத்துகிறார். காற்றழுத்தத்தில் இயங்கும்படி செய்தார்கள். மீத்தேன் தேங்கிய குழியில் ஒரு மின்பொறி பறந்தாலே போதும், என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த முதல் வடிவத்தில் குறையே இல்லையா? இருந்ததால்தான் அடுத்தடுத்த வடிவங்கள் வந்தன. எடையைக் குறைக்கக் கரிநார் உடம்பு வைத்தார்கள், வாயுவை அளக்கும் கருவிகளைச் சேர்த்தார்கள். குறை இருந்தபோதும் முதல் வடிவம் ஒரு விஷயத்தைச் சாதித்தது. மனிதர் இறங்காமல் குழியைச் சுத்தம் செய்ய முடியாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த பதிலை அது பொய்யாக்கியது. தமிழ்நாட்டில் கும்பகோணம் நகராட்சி அதே 2018ல் பாண்டிகூட்டை வாங்கியது. பிறகு இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் கோவை மாநகராட்சிக்கும் வந்தது. 2022ல் ஸோஹோ நிறுவனம் ஜென்ரோபோட்டிக்ஸில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது.

மலக்குழி வேறு, சாக்கடை வேறு

பாதாளச் சாக்கடைக்குப் பெருச்சாளி வந்தது. வீட்டு மலக்குழிக்கு? கோவையில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களிலும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலும், விசைத்தறிக் கூடங்களிலும், வாடகை லைன் வீடுகளிலும் இருப்பது செப்டிக் டேங்க்தான். மேலே சின்ன வாய், உள்ளே அகலமான தொட்டி. பல வருஷம் எடுக்காமல் விட்டால் அடியில் கசடு கல்போல் இறுகிவிடும். லாரிக் குழாய் தண்ணீரை மட்டும் உறிஞ்சும், இறுகியதை உறிஞ்சாது. அப்போதுதான் வீட்டுக்காரரோ ஒப்பந்ததாரரோ அந்த வாசகத்தைச் சொல்வார்: "கொஞ்சம் இறங்கிக் கலக்கி விடுப்பா."

இந்த 'கலக்கி விடு' வேலைக்குத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் இயந்திரம் பிறந்தது. பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில் திவான்ஷு குமார் என்ற மாணவர் தமது இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தொடங்கியது. பெயர் ஹோமோசெப். தலைகீழ்க் குடைபோல மடங்கிக் குறுகலான வாய்க்குள் நுழைந்து, உள்ளே விரிந்து சுழலும் தகடுகள் இறுகிய கசடைக் கூழாக்கும். கூழானதைக் குழாய் உறிஞ்சிவிடும். 2019ல் மாணவர் போட்டியில் காட்டப்பட்ட அந்த மாதிரி, களத்துக்கு வர 2022 ஆனது. நடுவே கொரோனா. முதலில் வந்த இரண்டு இயந்திரங்கள், மலக்குழியில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தூய்மைப் பணியாளர்களின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு இதில் துணை நின்றது. அதன் தலைவர் பெஜவாடா வில்சன் 2016ல் மகசேசே விருது பெற்றவர்.

ஆய்வுக்கூடத்தில் ஓடியது தெருவில் ஓட ஏன் மூன்று வருஷம் ஆகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத் தொட்டியில் கசடு ஒரே பதமாக இருக்கும். நிஜத் தொட்டியில் துணி கிடக்கும், நாப்கின் கிடக்கும், தலைமுடி, செங்கல் துண்டு, பிளாஸ்டிக் கவர், சில சமயம் செருப்பு. சுழலும் தகட்டில் ஒரு சேலைத் துண்டு சுற்றினால் மோட்டார் நிற்கும். நின்ற தகட்டை எடுத்துவிட யார் இறங்குவது? அங்கேதான் முதல் வடிவம் தோற்கும். அப்படித் தோற்கக் கூடாது என்பதால் தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் யாராவது இறங்கிக்கொண்டிருப்பார்கள். செயலி செய்கிறவருக்கு இந்த இக்கட்டு இல்லை.

ரயிலைப் பாருங்கள். தண்டவாளத்தில் விழாமல் பெட்டிக்கு அடியிலேயே மலத்தைச் சிதைக்கும் பயோ டாய்லெட்டை ரயில்வேயும் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து கொண்டுவந்தன. 2011 ஜனவரியில் குவாலியர் - வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் பொருத்தினார்கள். 2016ல் ராமேஸ்வரம் - மானாமதுரை பாதை, மலம் விழாத நாட்டின் முதல் ரயில் தடம் என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அடைப்பு, நாற்றம், உடைப்பு என்று குறைகளை அடுக்கியது. பயணிகள் உள்ளே போட்ட பாட்டிலும் துணியும்தான் பெரும்பாலும் காரணம். அதற்காக ரயில்வே திட்டத்தைக் கைவிடவில்லை, திருத்திக்கொண்டே எல்லாப் பெட்டிகளுக்கும் கொண்டுபோனது. குறையுள்ள முதல் வடிவம் வந்ததால் யாருக்கும் உயிர் போகவில்லை, பயணி மூக்கைப் பொத்தினார், அவ்வளவுதான். தண்டவாளத்தில் குனிந்து நின்றவர் நிமிர்ந்தார். இப்படிப்பட்ட இடத்தில் அவசரம் நல்லது என்பது நம் கருத்து.

சட்டத்துக்கும் முதல் வடிவம் உண்டு

இயந்திரம் செய்கிறவர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993ல் வந்தது. அது உலர் கழிப்பிடத்தைப் பற்றித்தான் பேசியது, பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்குகிறவர் அதன் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைத் திருத்தி இரண்டாவது சட்டம் வர 20 ஆண்டுகள் ஆயின. 2013ன் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு இல்லாமல் குழிக்குள் இறக்குவது குற்றம் என்றது. முதல் முறை செய்தாலே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் 33ஆம் பிரிவு, சாக்கடையைச் சுத்தம் செய்ய நவீன இயந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. யாருடைய தயவும் அல்ல, கடமை.

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்கான தொகைதான் சீராக உயர்ந்துகொண்டிருக்கிறது. ஓர் இயந்திரத்தின் விலையோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க எந்த உள்ளாட்சிக் கணக்காளருக்கும் தோன்றவில்லையா என்று நாம் கேட்கத்தான் செய்வோம்.

கொங்கு மண்ணின் பட்டறையும் நம் பிள்ளைகளும்

இது பம்புசெட்டின் ஊர். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் மோட்டாரைக் கோவை செய்து நாடெங்கும் அனுப்புகிறது. பத்தடிக் குழியிலிருந்து கசடை எடுக்க மட்டும் அருந்ததியர் வீட்டுப் பையன் வேண்டும் என்றால், அது தொழில்நுட்பம் இல்லாத குறை அல்ல. அந்தக் குழியில் இறங்குகிறவர் வேறு சாதியாக இருந்திருந்தால் ஐம்பது வருஷம் முன்பே குறிச்சியிலோ கணபதியிலோ யாராவது ஒருவர் இயந்திரம் செய்து காப்புரிமையும் வாங்கியிருப்பார்.

கோவையில் முதல் வடிவம் என்றால் அருணாசலம் முருகானந்தம் நினைவுக்கு வராமல் இருக்காது. நாப்கின் செய்யும் எளிய இயந்திரத்துக்காக 1998 வாக்கில் தொடங்கியவர். உள்ளே இருப்பது வெறும் பஞ்சல்ல, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. வீடு விலகியது, ஊர் சிரித்தது. 2006ல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, 2016ல் பத்மஸ்ரீ வந்தது. அவரது உழைப்பைப் போற்றுகிறோம். ஆனால் எட்டு வருஷம் வருமானமும் மரியாதையும் இல்லாமல் நின்று காட்டு என்று நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. அப்பா சாக்கடைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போகிற குடும்பத்தில், முதல் பட்டதாரியின் முதல் சம்பளம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. தங்கச்சி கல்யாணக் கடன் அதில் பாதியைத் தின்னும். மற்றவர் வீட்டில் 'ரெண்டு வருஷம் முயற்சி பண்ணிப் பார்' என்று அப்பா சொல்வார். அந்த இரண்டு வருஷம்தான் முதலீடு. அது நம் வீட்டில் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்க அரசுக் கதவுகள் சில திறந்திருக்கின்றன. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யத் தமிழ்நாடு அரசு 30 கோடி ரூபாய் ஒதுக்கியது, அடுத்த ஆண்டு 50 கோடியாக்கியது. இது கடன் அல்ல என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அரசு நிறுவனமே உங்கள் கம்பெனியில் பங்குதாரராகப் பணம் போடுகிறது. மாதத் தவணை இல்லை, சொத்து அடமானம் இல்லை. 2023ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியிலும் 6 விழுக்காடு மானியம். இந்தத் திட்டத்தில்தான் 2024 டிசம்பரில் சென்னையில் 200க்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்கள் கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்களுக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். குடிநீர் வாரியம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. தலித் இந்தியத் தொழில் வர்த்தகச் சபை அதில் உடன் நின்றது. நேற்றுவரை குழிக்குள் நின்றவர் இன்று லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் பெயரோடு நிற்கிறார்.

சென்னையில் நடந்தது கோவையில் ஏன் நடக்கக் கூடாது? உக்கடத்திலும் ஒண்டிப்புதூரிலும் நஞ்சுண்டாபுரத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் பாதாளச் சாக்கடைப் பணி நடந்துவருகிறது. புதிய குழிகள் வரும்போது புதிய வேலையும் வரும். அந்த வேலை மூங்கில் பிளாச்சாக வருமா, இயந்திரமாக வருமா, இயந்திரமாக வந்தால் அதன் சொந்தக்காரர் யார் என்பதைத் தீர்மானிக்க வேண்டிய நேரம் குழாய் பதிக்கும் இந்த நேரம்தான்.

சின்னதாகத் தொடங்கலாம்

முதல் வடிவம் என்றதும் ரோபோவையே கற்பனை செய்து மலைத்து உட்கார வேண்டாம். குழிக்குள் ஒருவர் இறங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. அடைப்பு எங்கே என்று பார்க்க இறங்குவார். கல்லை எடுக்க இறங்குவார். விழுந்த வாளியை எடுக்கக்கூட இறங்குவார். பார்ப்பதற்கு மட்டும் இறங்குகிற ஒருவரை நிறுத்த, நீளமான குழாயின் முனையில் விளக்கோடு ஒரு கேமரா போதும். அதைக் குறிச்சிப் பட்டறையில் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். அதுவும் ஒரு முதல் வடிவம்தான். மூடியைத் தூக்காமல் நகர்த்தும் நெம்புகோல், வாயு கூடினால் கூவும் அலாரம், இடுப்புவாரோடு ஆளை மேலே இழுக்கும் முக்காலி என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள். எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் திணிக்கப் போனால்தான் ஆறு வருஷம் ஆகும்.

தொடங்குமுன் உங்கள் தெருவில் ஆள்நுழைவுக் குழியின் வாய் எத்தனை அங்குலம், ஆழம் எத்தனை அடி, சந்துக்குள் எந்த வண்டி நுழையும் என்று அளந்து வையுங்கள். அளப்பது மேலே நின்று, மூடியைத் திறக்க வேண்டியவர் திறக்கும் நாளில். குழியிலிருந்து என்னென்ன வெளியே வருகிறது என்று உங்கள் பெரியப்பாவையோ மாமாவையோ கேளுங்கள். முப்பது வருஷ அனுபவம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது, எந்த ஐ.ஐ.டி. ஆய்வுக்கூடத்திலும் அது கிடைக்காது. சோதனையைக் காலித் தொட்டியில் செய்யுங்கள், பிறகு தண்ணீரில், பிறகு சேற்றில். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு ஒருபோதும் சோதிக்காதீர்கள். கூடவே ஒருவர் இறங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் அந்த வடிவம் இன்னும் வெளியே வரத் தயாராகவில்லை.

பொருள் தயாரானாலும் டெண்டர் என்ற சுவர் நிற்கும். மூன்றாண்டு அனுபவம் காட்டு, இத்தனை கோடி வரவு காட்டு என்பார்கள். பதிவு பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு முன் அனுபவ நிபந்தனையையும் வரவு நிபந்தனையையும் தளர்த்தலாம் என்று மத்திய அரசு 2016லேயே தன் துறைகளுக்கு வழிசொல்லிவிட்டது. மாநகராட்சி டெண்டர்களிலும் அதையே கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. அதை ஒரு மாணவர் தனியாகச் செய்ய முடியாது. தூய்மைப் பணியாளர் சங்கங்களும் நம் இயக்கங்களும் கூலி உயர்வோடு சேர்த்து இந்தக் கோரிக்கையையும் எழுத வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய ஒரு வேலை மாணவர்களுக்கு இருக்கிறது. வெள்ளைத் தாளில் தகவல் உரிமை மனு எழுதிப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எங்கள் மண்டலத்தில் ஆள்நுழைவுக் குழியைச் சுத்தம் செய்ய எத்தனை இயந்திரங்கள் இருக்கின்றன? கடந்த ஓராண்டில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் ஷெட்டில் நின்றது? பழுது என்றால் என்ன பழுது? அதை இயக்குகிறவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக்காரரா, அவருக்குச் சம்பளம் எவ்வளவு? 30 நாளில் பதில் தர வேண்டும். வருகிற பதிலில் 'பழுது' என்ற கட்டத்தை முதலில் படியுங்கள். நீங்கள் செய்யப்போகும் பொருள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.